காங்கயம் எண்ணெய் ஆலைக்காரர்களுக்கு ஒரு மாட்டுக்காரனின் மடல்

காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத் தேங்காய் எண்ணெய் ஆலை உரிமையாளர்களுக்கு வணக்கம். உங்கள் தேங்காய்ப் புண்ணாக்கைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்கிற அதே வெயிலில்தான் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காடும் காய்கிறது. மாசி பிறந்தால் கொழுக்கட்டைப் புல் வெளுத்துவிடும். அப்புறம் பட்டியில் சோளத்தட்டுதான்.

தட்டில் புரதம் 4 சதவீதம் அளவுதான். தீவனத்தில் அது 7 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டின் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். தட்டு சரியாகச் செரிக்காது, மாடு தின்பதும் குறையும். போர் போராகத் தட்டு இருந்தும் காங்கயம் மாடு விலா தெரிய நிற்பது இதனால்தான்.

ஒரு நாளைக்குத் தின்கிற 7 கிலோ தட்டில் 280 கிராம் புரதம் கிடைக்கிறது. கறவை வற்றிய மாட்டுக்கே 500 கிராம் பக்கம் வேண்டும். குறைகிற 200 கிராம் சொச்சத்தை அரை கிலோ கடலைப் புண்ணாக்கு கொடுத்துவிடும்; தேங்காய்ப் புண்ணாக்கு என்றால் ஒரு கிலோ ஆகும். ஆக, உங்கள் புண்ணாக்கு கடலைப் புண்ணாக்கின் பாதி விலையைத் தாண்டாத வரைக்கும் எங்களுக்கு லாபம். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சண நஞ்சு பயம் வேறு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு பெரிய மாட்டுக்குச் சரி; காசிபால் என்கிற நச்சுப்பொருள் இருப்பதால் இளங்கன்றுக்கு ஆகாது. பக்கத்திலேயே தேங்காய் ஆட்டும்போது நாங்கள் ஏன் சோயாவைத் தேடி அலைய வேண்டும்?

ஆனால் உங்கள் சரக்கு லோடு லோடாகத் தீவனக் கம்பெனிகளுக்குப் போகிறது. ஒரு மூட்டை, இரண்டு மூட்டை கேட்டு வருகிறவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. போன வருஷம் நான் வாங்கிய இரண்டு மூட்டையில் ஒன்றின் அடியில் பூஞ்சணம். திருப்பிக் கொண்டுபோனால், "மாடுதானே திங்குது" என்றார்கள். ஆலையின் பேர் வேண்டாம். தேங்காய்ப் பருப்பும் ஈரத்தில் கிடந்தால் அதே நஞ்சுதான் பிடிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேட்பது இவ்வளவுதான். மூட்டை மேல் ஆட்டிய தேதி, புரதம், எண்ணெய், ஈரம் நான்கையும் எழுதுங்கள். எக்ஸ்பெல்லர் இயந்திரத்தில் பிழிந்த புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருக்கும்; நாள்பட்டால் காறல் வாடை வந்து மாடு முகம் திருப்பிக்கொள்ளும். அதனால் தேதி முக்கியம். பரிசோதிக்க வெகுதூரம் போக வேண்டாம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் சில்லறைக்கு ஒதுக்கினால் போதும். கறவை வற்றிய மாட்டுக்குப் புண்ணாக்கு அன்றாடம் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு கிலோவாக வைத்தாலும் உடம்பு பிடிக்கும். நாங்களும் நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் வந்து ஏற்றிக்கொள்வோம்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில் கூடுகிறது. தையிலேயே மூட்டை கிடைத்தால்தான் அதற்குள் விலா மறையும். கடன் கேட்கவில்லை, ரொக்கமாகவே தருகிறோம்.

இப்படிக்கு,
கொறங்காட்டு மாட்டுக்காரன் ஒருவன்