கிராபிக்ஸ் கார்டுக்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

ஐயா,

வேலைக்கும் கேமுக்கும் ஒரே கம்ப்யூட்டர் போதும் என்று பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பவர்கள் சேலத்தில் பெருகிவிட்டார்கள். கடைகளில் எழுதித் தரும் கொட்டேஷனில் முதல் வரி கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரி ‘கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்’: வெளிப்பெட்டியும், உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையும். பேரம் முழுக்க முதல் வரியில் நடக்கிறது. மற்ற பாகங்களைக் காவு வாங்குவது கடைசி வரி.

கேபினெட்டோடு சேர்த்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் கிடைப்பது 192 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட் வரை இழுக்கும். ரைசன் 5 7600 பிராசசர் முழு வேகத்தில் 88 வாட். இரண்டுமே 203 ஆகிவிட்டது. ஃபேன்களும் டிஸ்க்கும் இன்னும் கணக்கில் வரவில்லை. டைப் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. கேம் ஓடத் தொடங்கியதும் ரீஸ்டார்ட் ஆகும். குற்றமற்ற கார்டைக் கழற்றி மாற்றுவார்கள். இந்தச் சேர்க்கைக்கு 550 வாட், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாத எஸ்எம்பிஎஸ் வேண்டும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா என்று பெட்டியில் தனியே பாருங்கள்.

இளம்பிள்ளை போல விசைத்தறி ஓடும் ஊர்களில் இது இன்னும் முக்கியம். மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுப்பதால் அதே லைனில் வோல்டேஜ் தாழும். யுபிஎஸ் இல்லாமல் அங்கே சேலை டிசைன் போட உட்காராதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரையும் கணக்கில் சேருங்கள். வாங்கிய அன்றே கேமை ஓடவிட்டு, யுபிஎஸ்ஸுக்கு வரும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சில மலிவு யுபிஎஸ்களின் அலைவடிவம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துவராமல் அந்த நொடியே கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஊறுகிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் கசியும் சிறு மின்சாரம் போக வழியின்றித் தகட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டைத் தாண்டினால் ஒயரிங்கைச் சரிபார்த்த பிறகே கம்ப்யூட்டரை மாட்டுங்கள்.

சேலத்து ஏப்ரல், மே வெயிலுக்கு முகப்பில் கண்ணாடி போட்ட கேபினெட் வேண்டாம். வலைமுகப்பு, முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று: இது போதும்.

பிராசசர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் மாடல் விலை குறைவு. ஆனால் பிராசசருக்குள்ளேயே இருந்து திரைக்குப் படம் தரும் உள்கிராபிக்ஸ் கிடையாது. கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு அந்த மிச்சம் நஷ்டமே. பல கேமராக்கள் பதிவுசெய்யும் 10 பிட் 4:2:2 எச்.265 வகை வீடியோவை ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகள் நேரடியாகப் பிரித்துத் தராது. இன்டெல்லின் உள்கிராபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்தே தருகிறது. கார்டு பழுதானாலும் திரை தெரியும்.

ராம் 16 ஜிபி ஒன்றாக வேண்டாம். 8 ஜிபி இரண்டாக வாங்கி, நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 6000 வேக டிடிஆர்5 ராம் பெரும்பாலும் 4800இலேயே ஓடும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டிவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று வருபவர்களும் உண்டு.

ஏற்காட்டுக்காரர்களுக்கு: சேலத்தில் பொருத்தி 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிச் செல்வதென்றால் கிராபிக்ஸ் கார்டையும் கனமான கூலரையும் கழற்றித் தனியே எடுத்துச் செல்லுங்கள். குலுக்கலில் கார்டின் எடை ஸ்லாட்டை விரிசல் விடச் செய்யும். மதர்போர்டு கீழே, பக்கவாட்டுக் கண்ணாடி மேலே இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவையுங்கள். கோடை இடியின்போது பவர் பிளக்கோடு இன்டர்நெட் வரும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இடி அந்த வழியாகவும் வரும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பில்லில் ‘கம்ப்யூட்டர் 1 செட்’ என்று எழுதாதீர்கள். எஸ்எம்பிஎஸ் உட்பட ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருந்தால்தான் மூன்றாம் வருடம் ஒரு ராம் போனாலும் வாரண்டியில் மாற்ற முடியும். அப்படி எழுதித் தராத கடையில் வாசகர்கள் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.