ஞாயிறு காலை மாடியறையைத் திருப்பிக் கொடுங்கள்

நம் மன்றத்தின் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாடியறையில் ஞாயிறுதோறும் நடந்துவந்த, பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் வாசிப்பு ஏன் நின்றது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அறையை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடத் தீர்மானித்தவர்கள் நீங்கள்தான். மும்பையில் ஒரு கட்டடத்தைக் கட்டிக்காப்பதற்கு வருமானம் வேண்டும் என்பதை நாங்களும் அறிவோம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும் அந்த அறையைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சென்ற ஞாயிறு படிக்கட்டில் உட்கார்ந்து படித்தோம். டோம்பிவிலியிலிருந்து லோக்கலில் வருகிற பெரியவர், ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், உருப்பெருக்கிக் கண்ணாடியை உரையின்மேல் வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள் சாம்பார் அண்டாவோடு ஏறும்போதெல்லாம் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். திரும்ப உட்கார்ந்தால் விட்ட வரி அகப்படவில்லை. மறுபடியும் எழ நேர்ந்தபோது புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“எல்லாம் செல்பேசியிலேயே கிடைக்கிறதே” என்றார்கள் அலுவலகத்தில். மூலம் கிடைக்கும்; சேர்ந்து படிப்பது கிடைக்காது. 27ஆம் காதையில் (அத்தியாயத்தில்), வஞ்சி நகரில், அறியும் வழிகளை ஆராயும் அளவைவாதி தொடங்கி, கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் பூதவாதி வரை ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை மணிமேகலைக்கு எடுத்துச் சொல்கிறார்கள். யார் பேச்சு எங்கே முடிகிறது என்று பாராமல் படித்தால், நூல் மறுக்கும் கருத்தே நூலின் கருத்தாகிவிடும். நம் ஆண்டு விழாவில் அதுதான் நடந்தது. மறுமை என்பது பொய் என்ற பூதவாதியின் கூற்றை மணிமேகலையின் முடிவாகவே சிறப்புப் பேச்சாளர் முழங்கினார். அரங்கம் கைதட்டியது. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வகையில் அறிவாய் என்று அவள் அவனை மடக்குவது அடுத்த சில அடிகளிலேயே இருக்கிறது!

29ஆம் காதை இன்னும் கடினம். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். ஏதுப்போலி, அதாவது குறையுள்ள காரணம், மட்டுமே மூன்றாகப் பிரிந்து 14ஆக விரிகிறது. எங்களில் யாராலும் அதைத் தனியே பிரித்தறிய முடியாது. ஒருவர் உரையைப் படிக்க, ஒருவர் மறுத்துக் கேட்க, வடமொழித் தருக்கம் படித்தவர் இடையில் திருத்த, ஒரு காலைப்பொழுதில் நான்கைந்து அடிகள் நகர்ந்தால் பெரிது.

27ஆம் காதையில் பேசுகிறவர்களில் ஆசீவகரும் உண்டு; எல்லாம் ஊழின்படியே நடக்கும் என்ற பழைய சமயத்தார். அந்த ஆசீவகர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. அவர்கள் சொன்னதை மணிமேகலை, சமண நூலான நீலகேசி போன்ற பிற சமயத்தார் நூல்களிலிருந்துதான் திரட்ட வேண்டியிருக்கிறது. அந்த நூல்களின் உரைகளை மாடிப்படிக்கு அடியில், ஈரம் கசியும் சுவரோரம், பீரோவில் பூட்டிப் போட்டிருக்கிறீர்கள். பொன்னாடைக்கும் பதாகைக்கும் பணம் ஒதுக்கி, தமிழரின் தத்துவப் பெருமையை மேடையேறிப் பேசுகிறவர்களுக்கு இதைச் செய்ய எப்படி மனம் வந்தது?

நாங்கள் நிதி கேட்கவில்லை, மேடையும் கேட்கவில்லை. ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மாடியறை வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்குள் பீரோவும் அங்கேயே திரும்ப வர வேண்டும். முகூர்த்த நாள்களில் அறை தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், அன்று விட்டுக்கொடுக்கிறோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு வாசிப்பு வகுப்பில் ஒருவன்,
மும்பை