இல்லாத 48 சிபியு கோருக்கும் எங்களிடம் பணம் கேட்டது குறித்து

கோயம்புத்தூர்
16.06.2025

அனுப்புநர்: மேலாளர், கணினிப் பிரிவு (வார்ப்படத் தொழிற்சாலை)
பெறுநர்: நிர்வாக இயக்குநர், எங்களுக்கு விஎம்வேர் (ஒரே சர்வரில் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) லைசென்ஸ் விற்ற நிறுவனம்

பொருள்: தவறான தகவல் சொல்லி வாங்கிய முன்பணம் ரூ. 5,00,000-ஐத் திருப்பிக் கேட்டல்

ஐயா,

மே 30, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி தாண்டி உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு தம்பி எனக்குப் போன் செய்தார். "சார், உங்க சப்போர்ட் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. இன்னைக்கு ஆர்டர் போடலைன்னா திங்கக்கிழமை சர்வர் ஏறாது. அப்புறம் எங்களைக் கேட்கக் கூடாது" என்றார். மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பள நாள். கைரேகை வருகைப் பதிவு, டேலி கணக்கு, தொழிற்சாலை நிர்வாகத்துக்கான ஈஆர்பி எல்லாம் எங்கள் மூன்று சர்வர்களுக்குள் ஓடும் 14 விஎம்களில்தான் (மெய்நிகர் கணினிகளில்தான்) இருக்கின்றன. அது உங்களுக்கும் தெரியும், நிறுவிக் கொடுத்ததே நீங்கள்தான்.

நான் பட்டறைக்குள் ஓடினேன். முதலாளி மோல்டிங் பக்கம் நின்றிருந்தார். கையெல்லாம் கருமணல். பேண்டில் துடைத்துவிட்டு அங்கேயே போனை வாங்கி அக்கவுண்டன்டிடம் பேசி, ஆர்டிஜிஎஸ்ஸில் ஐந்து லட்சம் அனுப்பச் சொன்னார். கொட்டேஷனின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். நானும் அன்று அதற்கு மேல் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் ஆள் சொன்னது பொய். 2022 ஜனவரியில் உங்களிடம் நாங்கள் வாங்கியது விஎம்வேரின் எசென்ஷியல்ஸ் பிளஸ் கிட் என்ற தொகுப்பு, நிரந்தர லைசென்ஸ். இந்த ஜனவரியில் காலாவதியானது மூன்று வருட சப்போர்ட் ஒப்பந்தம் மட்டும்தான். லைசென்ஸ் சாவிக்கு முடிவு தேதி கிடையாது. சர்வர்களை நிர்வகிக்கும் வி-சென்டரில் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்தால் "நெவர்" என்றுதான் இன்றும் காட்டுகிறது. திங்கட்கிழமை என்ன, வருகிற பொங்கலுக்கு ரீபூட் செய்தாலும் அந்த சர்வர் ஏறும். அவர் சொன்ன மாதிரி அணைத்த விஎம்மை மறுபடி ஏற்ற முடியாமல் போவது சோதனை உரிமமோ சந்தாவோ முடிந்தால்தான். அதாவது, இப்போது நீங்கள் விற்க வந்திருக்கும் பொருளை வாங்கி, மூன்று வருடம் கழித்துப் பணம் கட்டாமல் விட்டால் வரும் நிலைமை அது. அதைச் சொல்லி, அந்த நிலைமையே இல்லாத லைசென்ஸை வைத்திருக்கும் எங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்.

விலை ஏறியதற்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2023 நவம்பரில் பிராட்காம் என்ற அமெரிக்க நிறுவனம் விஎம்வேரை வாங்கியதும், அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையையும் அதற்கான சப்போர்ட் புதுப்பிப்பையும் நிறுத்தியதும், எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் வாங்கிக்கொண்டிருந்த எசென்ஷியல்ஸ் பிளஸ்ஸை 2024 நவம்பரில் கைவிட்டதும் ஊரறிந்த கதை. அதில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நீங்கள் செய்யவேண்டியிருந்தது கணக்கு மட்டும்தான், அதுவும் பெருக்கல் கணக்கு.

எங்களிடம் மூன்று சர்வர். ஒவ்வொன்றிலும் இரண்டு சிபியு, சிபியுவுக்கு 12 கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு). ஆக மொத்தம் 72. ஒரு சிபியுவில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16 என்று கணக்கில் கொள்ளவேண்டும் என்பது பிராட்காமின் விதி. ஆறு சிபியுவுக்கு 96. அங்கேயே எங்கள் பெட்டியில் இல்லாத 24 கோருக்குப் பணம் கட்டுகிறோம். 2022-ல் சிபியு கணக்கில் லைசென்ஸ் விற்றார்கள், ஒரு சிபியு லைசென்ஸ் 32 கோர் வரை தாங்கும். 12 கோர் போதும், விலையும் குறைவு என்று நீங்கள் சொன்ன ஆலோசனை அன்றைக்குச் சரிதான். எரிச்சலாக இருந்தாலும் 96-ஐ ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் கொட்டேஷனின் மூன்றாம் பக்கத்தில் இருப்பது 144.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடிபடவில்லை. டிஆர் சைட்டுக்கு (பேரிடர் நேரத்துக்கான மாற்று இடத்துக்கு) என்று எதையாவது சேர்த்துவிட்டீர்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு ஹோஸ்டின் (சர்வரின்) பக்கத்தைத் திறந்தபோது புரிந்தது: "லாஜிக்கல் பிராசசர்கள்: 48". ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெட்டிங் போட்டிருப்பதால் 24 கோர் 48-ஆகத் தெரிகிறது. உங்கள் ஆள் அந்த 48-ஐ எடுத்து மூன்றால் பெருக்கியிருக்கிறார். ஐயா, நாங்கள் லேத் ஓட்டுகிறவர்கள். ஒரே லேத்தில் இரண்டு ஷிப்ட் ஓட்டினால் பட்டறையில் இரண்டு லேத் இருப்பதாக யாரும் கணக்கு எழுதமாட்டார்கள். லைசென்ஸ் விதியும் சிபியுவில் உள்ள நிஜக் கோரைத்தான் கேட்கிறது, த்ரெட்டை அல்ல. கோர் எண்ணுவதற்கென்றே பவர்சிஎல்ஐ ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்றை பிராட்காமே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விதிப்படி ஹோஸ்டுக்கு 32, மொத்தம் 96 என்று வந்தது. அதன் பிரிண்ட் இணைப்பில் இருக்கிறது.

நீங்கள் போட்ட விலை கோருக்கு வருடம் ரூ. 13,000, மூன்று வருடப் பணமும் மொத்தமாக முன்கூட்டியே. 144 கோருக்கு ரூ. 56,16,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 66,26,880. அந்த 96-க்கு மேல் போட்ட, இல்லாத 48 கோருக்கு மட்டும் வரி போக ரூ. 18,72,000. 2022-ல் மொத்த கிட்டையும் சப்போர்ட்டோடு நாங்கள் ஐந்து லட்சத்துக்குள் வாங்கியிருந்தோம்.

போதாததற்கு நீங்கள் கொடுத்தது விஎம்வேரின் வி-ஸ்பியர் ஃபவுண்டேஷன் தொகுப்பு. அதோடு வரும் வி-சான் (சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் வசதி) எங்களுக்கு எதற்கு? எங்கள் டேட்டா எல்லாம் நெட்வொர்க்கில் தனியாக இருக்கும் ஐ-ஸ்கஸி ஸ்டோரேஜில் இருக்கிறது, அதை விற்றவரும் நீங்கள்தான். மூன்று ஹோஸ்ட், 14 விஎம். எங்களுக்கு வேண்டியது வி-மோஷனும் (ஓடும் விஎம்மை வேறு சர்வருக்கு மாற்றுவது) ஹெச்ஏவும் (ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்கள் மற்றதில் ஏறுவது). ஸ்டாண்டர்டு பதிப்பின் விலையைக் கேட்டு இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு உள்ளுக்குள் அதிகம் வலிக்கிறது. சப்போர்ட் உயிரோடு இருந்தவரை எங்கள் வி-ஸ்பியர் 7 பதிப்புச் சாவியை 8-க்கு இலவசமாக மாற்றியிருக்கலாம். 7-க்கான பொது ஆதரவு வரும் அக்டோபர் 2 அன்று முடிகிறது, 8-க்கு 2027 அக்டோபர் வரை இருக்கிறது. டிசம்பரில் நீங்கள் ஒரு போன் செய்திருந்தால் போதும். டிசம்பரில் உங்களிடமிருந்து வந்தது காலண்டர் மட்டும்தான். எனக்கே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். 2024 மே மாதம் கணக்குகள் எல்லாம் பிராட்காம் போர்ட்டலுக்கு மாறியபோது, எங்கள் லைசென்ஸ் உங்களை விட்டுப் போன ஊழியர் ஒருவரின் மெயில் முகவரியில் பதிவாகியிருந்தது. எந்த அறிவிப்பும் எனக்கு வரவில்லை. கடந்த மார்ச் 4 அன்று சர்வர்களில் விஎம்களை ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளில் ஏற்கனவே தாக்குதலுக்கு உள்ளாகிக்கொண்டிருந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அவசர பேட்ச் வந்தபோதும் அந்தக் கோப்பு உங்கள் வழியாக எனக்கு வந்து சேர 11 நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் நான் எப்படித் தூங்கினேன் என்பதை இங்கே எழுதிப் பயனில்லை.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் முன்பணம் ரூ. 5,00,000-ஐ முழுதாகத் திருப்பித் தரவேண்டும். மே 30 ஆர்டர் ரத்து என்று எழுத்தில் தரவேண்டும். எங்கள் லைசென்ஸ் கணக்கை எங்கள் நிறுவன மெயில் முகவரிக்கு மாற்றித் தரவேண்டும். இதற்கு மட்டும் 15 நாள் காத்திருக்க முடியாது, இந்த வாரமே வேண்டும்.

உங்கள் ஏரியா மேனேஜர் போனில், "கம்பெனி வாங்கினதுக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது சார்" என்று சிரித்தார். வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்பதால் அவர் சொன்னது அநேகமாகச் சரிதான். எங்கள் வக்கீல் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 18, 19-ம் பிரிவுகளைக் காட்டினார். பொய்த் தகவலை நம்பிச் சம்மதித்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. அதுவரை போகவேண்டாம் என்று முதலாளி நினைக்கிறார். ஒன்பது வருடப் பழக்கம் என்கிறார்.

"எங்களை விட்டால் வேறு வழியில்லை" என்ற நினைப்பும் வேண்டாம். ஜூன் 7, 8 தேதிகளில் பழைய சர்வர் ஒன்றில் விஎம்வேருக்கு மாற்றான பிராக்ஸ்மாக்ஸ் போட்டு, அதில் இருக்கும் இம்போர்ட் வசதியால் வருகைப் பதிவு விஎம்மை ஈஎஸ்எக்ஸ்ஐ-யிலிருந்து நேராக இழுத்தேன். விண்டோஸ் முதலில் நீலத்திரை காட்டியது. டிஸ்க் இணைப்பை சாட்டா வகைக்கு மாற்றி பூட் செய்து, பிராக்ஸ்மாக்ஸுக்குத் தேவையான விர்ட்ஐஓ டிரைவர் போட்டதும் சரியாகிவிட்டது. போன சனிக்கிழமை வாரச் சம்பளம் அந்த விஎம்மிலிருந்து எடுத்த கணக்கில்தான் போட்டோம். ஈஆர்பியை மாற்றலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 96 கோருக்கு, வி-சான் இல்லாமல், ஒரு வருடச் சந்தாவாக ஒழுங்கான கொட்டேஷன் ஒன்று வந்தால் அதையும் பார்ப்போம். ஆனால் முதலில் பணம் கணக்கில் ஏறட்டும்.

இப்படிக்கு,
மேலாளர், கணினிப் பிரிவு

இணைப்பு: மே 30 கொட்டேஷன், ஆர்டிஜிஎஸ் ரசீது, கோர் கணக்கு ஸ்கிரிப்ட் பிரிண்ட், லைசென்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்