ஹீட்சிங்க்கை நேராகத் தூக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியை நாமே தூசி தட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், 'ஸ்க்ரூக்களைக் கழற்றி ஹீட்சிங்க்கை மேலே தூக்கவும்' என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருக்கிறது. ஹீட்சிங்க் என்பது கணினியின் மூளையான பிராசசர் சிப்பின் சூட்டை இழுக்க அதன் மேல் பொருத்தும் உலோகக் கட்டை. இன்டெல் கணினி என்றால் பெரிய ஆபத்தில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களில் 1000 முதல் 5000 வரையான வரிசைகள் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசசரை மாட்டும் இடம்) அப்படித் தூக்கினால், பிராசசரும் ஹீட்சிங்க்கோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடக்கூடும்.

இன்டெல்லில் 2004இல் வந்த எல்ஜிஏ775 சாக்கெட் முதலே பின்கள் (மின் இணைப்புக்கான மெல்லிய ஊசிகள்) சாக்கெட்டில்தான் இருக்கின்றன. மேலே ஓர் இரும்புச் சட்டம் பிராசசரை அழுத்திப் பிடித்திருக்கும். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டும் அப்படியே. ஏஎம்4இல் 1,331 பின்களும் பிராசசரின் அடியில் இருக்கின்றன. சாக்கெட்டைப் பூட்டும் லீவரை மூடினாலும் அந்தப் பின்களைப் பக்கவாட்டில் கவ்வும் பிடி மட்டும்தான்; மேலிருந்து தடுக்க எதுவும் கிடையாது. சூட்டைக் கடத்த பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்தால் அதன் பிடி அதைவிட வலுவானது. நனைந்த மேசையில் வைத்த கண்ணாடித் தட்டு மேலே இழுத்தால் வராது, பக்கவாட்டில் நகர்த்தினால் வந்துவிடும். இங்கும் அதே கதைதான்.

ஆகவே கழற்றுவதற்கு முன் 10, 15 நிமிடம் ஏதாவது கனமான கேமை ஓட விடுங்கள். பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, ஃபேன் வயரை எடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். ஏஎம்டியின் ரெய்த் ஸ்டெல்த் கூலரில் (ஃபேனோடு கூடிய ஹீட்சிங்க்) நான்கு ஸ்க்ரூக்கள். எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கடைசி ஸ்க்ரூ வந்ததும் போர்டின் பின்னால் உள்ள தகடு கழன்று விழும், ஒரு கை அங்கே இருக்கட்டும். அடுத்து ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாகச் சில டிகிரி திருகிக்கொண்டே இருங்கள். வழுக்குவது கையில் தெரியும். அதன் பிறகே தூக்க வேண்டும். கணினி ஓடவே இல்லை என்றால் ஹேர் டிரையரால் ஹீட்சிங்க்கைச் சில நிமிடம் சூடாக்கலாம்.

ஏற்கெனவே பிராசசர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா? பின்கள் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். அப்படியே திரும்பச் சாக்கெட்டில் அழுத்திப் பார்ப்பது பெரிய தவறு, பின்கள் மடங்கிவிடும். ஹீட்சிங்க்கைச் சூடாக்கி, பிராசசரின் விளிம்பை மட்டும் பிடித்துத் திருகுங்கள். அசையவில்லை என்றால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சுற்றிலும் சில சொட்டு விட்டு, 10 நிமிடம் கழித்து, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை பிராசசரின் உலோக மூடிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே ரம்பம்போல இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது. அது பிராசசரின் பச்சைப் பலகைக்கும் மூடிக்கும் நடுவே நுழைந்தால் மூடியே பெயர்ந்துவிடலாம். ரைசன் 2200ஜி, 2400ஜி போன்றவற்றில் மூடி சிப்போடு சால்டர் செய்யப்படவில்லை (ஈயப்பற்று வைக்கப்படவில்லை), உள்ளே பேஸ்ட்தான். அவற்றில் இந்த ஆபத்து அதிகம்.

பிரித்த பிறகு செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பின் வரிசைகளை இரு திசையிலும் பாருங்கள். சாய்ந்த பின்னை, லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையில் நுழைத்து மெதுவாக நிமிர்த்தலாம். முன்னும் பின்னுமாக வளைத்தால் ஒடியும். ஒடிந்தது கிரவுண்ட் (தரை இணைப்பு) பின்னாக இருந்தால் கணினி ஓடவும் கூடும், அது அதிர்ஷ்டம். ஒடிந்த துண்டு சாக்கெட் துளைக்குள் கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மாட்டும்போது முதலில் லீவர் முழுவதும் மேலே நிற்க வேண்டும். பிராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால் பிராசசர் தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லை என்றால் ஏதோ ஒரு பின் இன்னும் சாய்ந்திருக்கிறது. அழுத்தாமல் வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். பழைய பேஸ்டை இரு பக்கமும் துடைத்துவிட்டு, நடுவில் சிறு பட்டாணி அளவு புதியது வைத்தால் போதும்.

அந்தக் குறிப்பை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், 'தூக்கவும்' என்பதற்கு முன் 'சூடாக்கித் திருகி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர்