திரைக்கு வெளியே நிற்பவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள்

நரம்பியல் பிசியோதெரபிஸ்டுகளுக்கும், மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயின. முதல் நான்கு மாதம் சிகிச்சை என்றால் எனக்குத் தெரிந்தது ஒரு பச்சைத் திரை மட்டும்தான். "நீங்க வெளியில இருங்கம்மா" என்று சொல்லி இழுத்துவிடுவார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரை விலகும். "இதை வீட்டுல மூணு வேளை செய்யுங்க" என்று படம் போட்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். தாளில் இருந்த கை விரிந்திருந்தது. அப்பாவின் கை மூடியிருந்தது. மூடிய கையை எப்படி விரிப்பது என்று தாளில் இல்லை.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

ஐந்தாவது மாதம் வேறு இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த பிசியோ திரையை இழுக்கவில்லை. "தொடலாமா ஐயா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தார். விரலைத் தொடவே இல்லை. தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் ஒரு கையை வைத்து, அதை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். அப்புறம் முழங்கையைத் தாங்கி நீட்டினார். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி, கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடிச்சதையில் பிடித்து வெளியே திருப்பினார். மூடியிருந்த விரல்கள் தளர்ந்து அவருடைய உள்ளங்கையில் விரிந்தன. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "வேகமா இழுத்தா தசை எதிர்த்து இழுக்கும். மெதுவாப் போனா விட்டுக்கொடுக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கையைக் குடுங்க" என்றார். என் கையை அப்பாவின் தோளில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். எவ்வளவு மெதுவாக என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'மெதுவாக' என்று தாளில் எழுதியிருந்ததை நான் நூறு தடவை படித்திருப்பேன்.

அந்த நான்கு மாதத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாவைக் கட்டிலில் எழுப்பி உட்காரவைக்க, விழுந்துபோன கையைப் பிடித்துத்தான் இழுத்தேன். நிற்கவைக்கும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் தடுக்கவில்லை. தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்துவிட்டால் மேற்கை எலும்பு தன் பாரத்திலேயே கீழே இறங்கும், அதைப் பிடித்து இழுத்தால் மூட்டு மேலும் கெடும் என்று எனக்குச் சொன்னபோது, அப்பாவின் தோளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இரவில் வலியில் எழுந்துவிடுவார். பக்கவாதம் வந்தவரின் தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது முதல் நாளே, ஒரே நிமிடத்தில், சொல்லிவிடக்கூடிய விஷயம்.

ஒரு நாளில் அவர் உங்கள் கையில் இருப்பது ஒரு மணி நேரம். மிச்சம் 23 மணி நேரமும் எங்கள் கையில்தான் இருக்கிறார். புரட்டிப் படுக்கவைப்பது, சட்டை மாட்டுவது, வீல்சேருக்கு மாற்றுவது எல்லாம் நாங்கள்தான். நீங்கள் காலையில் தளர்த்திய தோளை நாங்கள் மத்தியானம் அறியாமல் கெடுத்துவிடுகிறோம்.

கைவைத்துச் செய்யும் இந்த வைத்தியம் நேற்று வந்ததல்ல. 1940-களில் லண்டனில் பெர்டா போபாத், மருத்துவரான கணவர் கரேலுடன் சேர்ந்து, பாதித்த பக்கத்தைக் கைவிடாமல் அதையே வேலைக்குக் கொண்டுவரும் முறையை வளர்த்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெர்மன் காபாட்டும் மார்கரெட் நாட்டும், கையால் தூண்டியும் எதிர்ப்புக் கொடுத்தும் தசையை வேலை வாங்கும் பிஎன்எஃப் முறையை உருவாக்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் போபாத் முறை மற்ற முறைகளைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை என்பதும் தெரியும். நோயாளி தானே திரும்பத் திரும்பச் செய்வதுதான் பலன் தருகிறது. 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், கையில் ஓரளவு அசைவு மிச்சமிருந்த 222 பேரில் ஒரு பகுதியினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, தளர்ந்த கையையே இரண்டு வாரம் வேலை வாங்கினார்கள். அந்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. சரி, அதனால் தொடுவது வீண் என்று ஆகிவிடுமா? அசைவே இல்லாத கைக்கு, வலிக்கும் தோளுக்கு, ஆரம்பம் யாரோ ஒருவருடைய கையிலிருந்துதான் வருகிறது. தாங்கும் அந்தக் கையை எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதையும் எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அப்பா தானே தூக்க முயலும்போதும் அவசரப்பட்டுத் தூக்கிவிடுகிறவள் நான்.

குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தும் பலன் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். 2017-இல் வெளியான அட்டெண்ட் ஆய்வை நானும் படித்தேன். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள். குடும்பத்தார் வீட்டில் கொடுத்த பயிற்சியால், ஆறு மாதத்தில் பிறரைச் சார்ந்திருக்கும் நிலை குறையவில்லை. எனக்கு அது சொல்வது, உங்கள் இடத்தை நாங்கள் நிரப்ப முடியாது என்பதைத்தான். உங்கள் வேலையை எங்களிடம் தள்ளிவிடச் சொல்லி நான் எழுதவில்லை. அதைக் கெடுக்காமல் இருக்கவாவது எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறேன்.

பார்கின்சன் நோய் உள்ள ஒருவரின் மனைவியை அப்பாவுக்குச் சிகிச்சை நடக்கும் அந்த இரண்டாவது இடத்தில், காத்திருக்கும் பகுதியில் தினமும் பார்ப்பேன். வாசலில் கணவரின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மா முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுப்பார். அவர் முன்னால் சாய்வார், பாதம் மட்டும் நகராது. ஒருநாள் பிசியோ வந்து, "இழுக்காதீங்கம்மா, முதல்ல நில்லுங்க" என்றார். இடுப்பின் இரு பக்கமும் கைவைத்துப் பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றச் சொன்னார். தரையில் இருந்த கோட்டைக் காட்டி, "இதைத் தாண்டுங்க" என்றார். அவர் தாண்டினார். மறுநாள் அந்த அம்மாவே அப்படிச் செய்ததைப் பார்த்தேன்.

ஒவ்வொரு சிகிச்சை நேரத்திலும் பத்து நிமிடம் கொடுங்கள். எங்கள் கையை உங்கள் கைக்குக் கீழே வைத்துக் காட்டுங்கள். அப்புறம் எங்களைச் செய்யவிட்டுப் பாருங்கள், தப்பு இருந்தால் அங்கேயே திருத்துங்கள். பிரிவை நடத்துகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்தையும் சிகிச்சைக் கணக்கில் சேருங்கள். கணக்கில் இல்லாத வேலையைச் செய்ய பிசியோக்களுக்கு ஏது நேரம்?

அப்பாவின் கை முழுதாக வரவில்லை. ஆனாலும் இப்போது சட்டை போடும்போது இடது கையைத்தான் முதலில் நுழைக்கிறோம். நான் அவசரப்பட்டால் "மெதுவா" என்று அவரே சொல்கிறார்.

இப்படிக்கு,
திரைக்கு வெளியே நான்கு மாதம் நின்ற ஒரு மகள்