செல்வத்துக்கு, விச்சிட்டாவிலிருந்து

விச்சிட்டா, கான்சஸ்
18 ஜனவரி 2026

அன்புள்ள செல்வம்,

நீ அனுப்பிய பதினோரு நிமிடக் குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். அதில் நாலு நிமிடம் நீ ஒரு ஆட்டோக்காரரோடு வாக்குவாதம் செய்கிறாய். அதையும் விடாமல் கேட்டேன், ஊர்ச் சத்தம் வேண்டியிருந்தது. மாநில ஜூனியர் வாலிபால் போட்டியை உன் ஊருக்குத் தராமல் கோயம்புத்தூருக்குக் கொடுத்துவிட்டார்கள், கேட்டால் "உங்க ஊர்ல நல்ல லாட்ஜ் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் என்று கொதித்திருக்கிறாய். கொதிக்க வேண்டியதுதான். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. போன வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி காலையில் "நல்லா இருக்கியாடா?" என்று கேட்டிருந்தாய். "இருக்கேன்" என்று ஒரு சொல் அனுப்பினேன். அதோடு ஒரு வருஷம் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள். இரண்டுக்கும் சேர்த்து இந்தக் கடிதம். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது போன வாரம்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டில் எல்லோரும் சுகம். வசந்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நிலா ஏழாம் வகுப்பு, என் தோள் வரை வளர்ந்துவிட்டாள். பாஸ்கர் தீபாவளிக்குக் கூப்பிட்டான்.  உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்படி ஆனது? அதைச் சொல்லாமல் ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மூவரும் காரில் செயின்ட் லூயிஸ் போய் வந்தோம். ஏழு மணி நேர ஓட்டம். அமெரிக்காவின் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி, அதாவது பனித்தளத்தில் பாட்டுக்கு ஏற்பச் சறுக்கி ஆடும் போட்டி, அங்கே நடந்தது. நெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆறு ஆறு பேர் நிற்காவிட்டால் அதை விளையாட்டென்றே நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், தெரியும். ஆனாலும் பொறுமையாகப் படி, உன் வழக்குக்கு உதவும்.

இந்தப் போட்டிக்கு நிரந்தரமான ஊர் கிடையாது. 1914-இல் நியூ ஹேவனில் தொடங்கியது. அன்றிலிருந்து பழைய நாடகக் கம்பெனி மாதிரி ஊர் ஊராய் முகாம் போடுகிறது. எந்த ஊர் என்பதை அமெரிக்க ஸ்கேட்டிங் சங்கம் முடிவு செய்தாலும், ஊர்தான் முதலில் வந்து "எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்கிற ஊருக்கு என்னவெல்லாம் வேண்டும் தெரியுமா? பத்துப் பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்கு வேண்டும். அது ஜனவரியில் ஒரு வாரத்துக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். பெரிய நகரத்து அரங்குகளில் ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து அணிகள் குடியிருக்கின்றன, அவர்களை அத்தனை நாள் வெளியூருக்கு அனுப்பிவைக்க வேண்டும். அப்புறம் பனி. ஹாக்கிக்குக் கல் மாதிரி இறுகிய பனி வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு ஓரிரு டிகிரி குளிர் குறைந்து, கொஞ்சம் இளகிய பனி வேண்டும். குதித்து இறங்கும்போது பிளேடின் விளிம்பு பனியில் பிடிக்க வேண்டுமல்லவா? பயிற்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு தளம் வேண்டும், இல்லாத ஊரில் கண்காட்சி மண்டபத்துக்குள் தற்காலிகமாகப் பனி உறையவைத்துவிடுகிறார்கள். நடந்து போகும் தூரத்தில் ஹோட்டல்கள் வேண்டும். விமானங்கள் வேண்டும். இது எல்லாவற்றுக்கும் மேலே, வாரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்ய நூற்றுக்கணக்கான தொண்டர்கள் வேண்டும்.

இதையெல்லாம் படித்தால் பெரிய நகரம்தான் சரி என்று தோன்றும். உன் கமிட்டிக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு நீ ஸ்போகேன் கதையைச் சொல்ல வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு மூலையில், இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் ஸ்போகேன். 2007-இல் இந்தப் போட்டி அங்கே போனது. அந்த ஒரு வாரத்தில் மொத்தப் பார்வையாளர் கணக்கு 1,54,893. அதுவரை எந்தப் பெரிய நகரமும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. மூன்றே வருஷத்தில், 2010-இல், திரும்பவும் ஸ்போகேனுக்கே கொடுத்தார்கள். அது ஒலிம்பிக் வருஷம், வான்கூவருக்குப் போகும் அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. அந்தத் தடவை 1,58,170. தங்கள் பழைய எண்ணைத் தாங்களே உடைத்தார்கள். எப்படி என்று கேட்டால், பெரிய நகரத்தில் அந்த வாரம் நடக்கிற இருபது நிகழ்ச்சிகளில் இது ஒன்று, ஸ்போகேனில் அந்த வாரம் இது மட்டும்தான். டீக்கடையிலும் இதே பேச்சு. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவும் இப்படித்தான். 2011, 2015, 2020 என்று மூன்று தடவை கூப்பிட்டு நடத்தியது. பெரிய ஹாக்கி அணி இல்லாத ஊர் என்பது குறையில்லை செல்வம், அரங்கு காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

போன வருஷம் ஜனவரியில் அது எங்கள் ஊருக்கு வந்தது. விச்சிட்டாவுக்கு அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. நாலு லட்சம் பேர், சுற்றிலும் கோதுமை, நடுவில் ஆர்கன்சாஸ் ஆறு. இங்கே அதை 'ஆர்-கான்சஸ்' என்றுதான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் கடைக்காரரே திருத்துவார். ஊரின் பிழைப்பு விமானம். செஸ்னா, பீச்கிராஃப்ட், லியர்ஜெட் எல்லாம் இங்கே பிறந்து வளர்ந்தவை, போயிங் 737-இன் உடற்பகுதியும் இங்கேதான் உருவாகிறது. குரோம்பேட்டையில் நீயும் நானும் படித்த படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அரங்கின் பெயர் இன்ட்ரஸ்ட் பேங்க் அரீனா. 2010-இல் திறந்தது, பதினைந்தாயிரம் பேர் உட்காரலாம்.

நான் வேன் ஓட்டினேன். ஹோட்டலிலிருந்து பயிற்சித் தளத்துக்கு, அங்கிருந்து அரங்குக்கு. விடிவதற்கு முன்னால் முதல் நடை. பின்னால் பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் தாளம் போட்டபடி வருவார்கள், தங்கள் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். நிலாவுக்கு இன்னும் பெரிய வேலை. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் எறியும் பூவையும் பொம்மையையும் தளத்தில் சறுக்கிக்கொண்டே போய்ப் பொறுக்கி வரும் குழந்தைகளில் அவளும் ஒருத்தி. அந்த வருஷச் சாம்பியன் இலியா மாலினின் ஆடி முடித்த அன்று இரண்டு கை நிறைய அள்ளி வந்தாள். வசந்தி அழுதாள். நானும்தான்.

ஞாயிறோடு போட்டி முடிந்தது. அதை ஒட்டி, வளரும் பிள்ளைகளுக்கான தேசியப் பயிற்சி முகாம் எங்கள் ஊரிலேயே புதன் வரை நடந்தது. திங்கட்கிழமை இரவு நாங்கள் சாப்பிடப் போன கடையில் ஒரு நீள மேசை முழுக்க அந்தப் பிள்ளைகள். நிலா வயசுதான். ஒரே சிரிப்பு. அவர்கள் ஜாக்கெட்டை நிலா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அடுத்த வருஷம் நீயும்" என்றேன்.

புதன் மாலை, ஜனவரி 29, அவர்களில் பலர் தலைநகர் வாஷிங்டனுக்குப் போகும் விமானத்தில் ஏறினார்கள். அமெரிக்கன் ஈகிள் 5342. மீதி உனக்குத் தெரியும். தரையிறங்கச் சில நொடிகள் இருக்கும்போது ராணுவ ஹெலிகாப்டர் மோதி, இரண்டும் போடோமாக் ஆற்றில் விழுந்தன. 67 பேர். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், பிள்ளைகள், பெற்றோர், பயிற்சியாளர்கள்.

அந்த விமானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விச்சிட்டாவிலிருந்து வாஷிங்டனுக்கு நேரடி விமானம் வேண்டும் என்று ஊர் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தது. 2024 ஜனவரியில்தான் கிடைத்தது. நேரடி விமானம் உண்டா என்பது எங்கள் மாதிரி ஊர்களிடம் யாரும் முதலில் கேட்கும் கேள்வி. நாங்கள் பெருமையாக "உண்டு" என்று சொல்ல முடிந்த பதில் அதுதான்.

மறுநாள் நகர மண்டபத்தில் பிரார்த்தனை நடந்தது. ஆலையில் யாரும் பேசவில்லை. விமானம் செய்கிறவர்கள் நாங்கள், ஆளுக்கொரு கணக்கு மனசில் ஓடியது. மார்ச்சில் விசாரணைக் குழு சொன்னதைப் படித்தேன். அந்த இடத்தில் ஹெலிகாப்டர் பாதைக்கும் தரையிறங்கும் பாதைக்கும் நடுவே 75 அடிதான் இடைவெளி இருந்திருக்கக்கூடுமாம். 75 அடி! நம் ஹாஸ்டல் தண்ணித் தொட்டி உயரம். அதைத் தாளில் வரைந்து ஒப்புக்கொண்டு வருஷக்கணக்காக வைத்திருந்தார்கள். அன்று இரவு தூங்கவில்லை. உனக்கு எழுத எடுத்த பேனாவையும் அப்படியே வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஸ்கேட்டிங் பெற்றோர்கள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு மெதுவாகப் பரவியது. "இனி இந்த ஊருக்கு வர மாட்டார்கள். கூப்பிடுவதும் முறையில்லை." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நானும் பல மாதம் அப்படியே நினைத்தேன்.

நினைப்பு மாறியது செயின்ட் லூயிஸில். மாக்சிம் நௌமோவ் என்று ஒரு பையன். போன வருஷம் இங்கே நாலாவது வந்தான். அவனுடைய அப்பா வாதிம் நௌமோவ், அம்மா எவ்கேனியா ஷிஷ்கோவா, 1994-இல் ஜோடிப் பிரிவில் உலகச் சாம்பியன்கள், பாஸ்டனில் பயிற்சியாளர்கள். இருவரும் அந்த விமானத்தில் இருந்தார்கள். பையன் முன்னாலேயே ஊர் திரும்பியிருந்தான். இந்த வருஷம் அவன் மூன்றாவது. ஒலிம்பிக் அணியிலும் இடம் கிடைத்தது. மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும்போது, தான் சின்னக் குழந்தையாய் அப்பா அம்மாவோடு பனியில் நிற்கும் ஒரு படத்தைக் கையில் வைத்திருந்தான். அரங்கு முழுக்க எழுந்து நின்றது. நிலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா. வருஷா வருஷம் எந்த ஊரானாலும் போய்விடுகிறவர். எந்த ஊர் என்று கேட்டார். விச்சிட்டா என்றேன். வழக்கமாக அந்தப் பெயருக்கு அப்புறம் ஒரு மௌனம் வரும், ஒரு வருஷமாகப் பழகிவிட்டது. அவர் மௌனமாகவில்லை. "ஹோட்டலிலிருந்து அரங்குக்கு நடந்தே வந்தேன், அந்தக் குளிரில். உங்கள் ஆள் ஒருவர் வேனை நிறுத்தித் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். மறுபடி எப்போது கூப்பிடுகிறீர்கள்?" என்றார்.

எனக்கு ஒரு பதிலும் வரவில்லை.

திரும்பி வரும்போது வசந்தி வண்டி ஓட்ட, நான் பழைய பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். 1961-இல் போட்டி கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்தது. அதில் வென்ற அமெரிக்க அணி உலகப் போட்டிக்காக பிராகுக்குக் கிளம்பியது. பிப்ரவரி 15-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் அருகே சபேனா விமானம் விழுந்து அணி மொத்தமும் போய்விட்டது. அந்த வருஷ உலகப் போட்டியையே ரத்து செய்தார்கள். ஆண்களில் சாம்பியனான பிராட்லி லார்ட், பெண்களில் சாம்பியனான பதினாறு வயசு லாரன்ஸ் ஓவன், அவளுடைய அக்கா, ஒன்பது தடவை சாம்பியனாயிருந்த அம்மா, எல்லோரும் பாஸ்டன்காரர்கள். மறு வருஷம், 1962-இல், தேசியப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? பாஸ்டனில். பட்டியலில் அந்த வரியைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கும் 1976-இல் திரும்பப் போயிருக்கிறார்கள்.

அதனால் என் முடிவு இது: போட்டி விச்சிட்டாவுக்குத் திரும்ப வர வேண்டும். உடனே வேண்டாம், ஆனால் வர வேண்டும். அந்தப் பிள்ளைகள் கடைசியாகச் சிரித்துச் சாப்பிட்ட ஊர் இது. அவர்களுக்கு இங்கே எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. அவர்களோடு ஆடியவர்கள் பெரியவர்களாகி வரும்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக் கூடாது. ஊர் விளையாட்டுக் கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன், நாலு பக்கம். அடுத்த மாதம் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்போகேன் எண்களையும் 1962-ஐயும் கொண்டு போகிறேன்.

இப்போது உன் விஷயம். லாட்ஜ் இல்லை என்றவர்களிடம் லாட்ஜைப் பற்றிச் சண்டை போடாதே. உன் ஊரில் எத்தனை கல்யாண மண்டபம்? ஆடி மாசம் எல்லாம் காலிதானே? எத்தனை பேர் படுக்கலாம், எத்தனை குளியலறை, மைதானத்துக்கு எத்தனை நிமிஷ நடை என்று ஒவ்வொன்றாக எழுது. போன வருஷம் உங்கள் மாவட்டப் போட்டிக்கு மரத்தின் மேலெல்லாம் ஆட்கள் ஏறி நின்றார்கள் என்றாயே, அந்தப் படங்களைத் தேதி போட்டு வை. கோயம்புத்தூரில் மரத்தில் ஏற மாட்டார்கள். எழுதியதும் எனக்கு அனுப்பு, கூட்டல் கணக்கை நான் பார்க்கிறேன். நாலாவது செட்டில் நீ ஸ்கோர் எழுதிய அழகு எனக்கு மறக்கவில்லை.

ஜூலையில் மூவரும் வருகிறோம். அம்மாவின் கண் எப்படி என்று முதலில் எழுது.

உன்
சங்கர்