கணப்பு சூடேறவில்லை, குறை விறகில் இல்லை

அனுப்புநர்: காபி விவசாயி, ஏற்காடு, சேலம் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கோயம்புத்தூர்

பொருள்: விறகு இன்சர்ட்டை (கணப்புக்குள் பொருத்தும், கண்ணாடிக் கதவுள்ள மூடிய விறகடுப்பை) தவறாகப் பொருத்தியது குறித்து

ஐயா,

எங்கள் வீட்டின் பழைய கணப்புக்குள் உங்கள் விறகு இன்சர்ட்டைச் சென்ற ஐப்பசியில் பொருத்தினீர்கள். விலையும் கூலியுமாக 1,85,000 ரூபாயை அன்றே கட்டிவிட்டேன். இப்போது தை பிறந்துவிட்டது. மார்கழிக் குளிர் முழுவதும் போயும் அது ஒரு நாள்கூடக் கூடத்தைச் சூடாக்கவில்லை.

மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன். மூன்று முறையும் "விறகு ஈரமாக இருக்கும், காயவையுங்கள்" என்றே பதில் வந்தது. நான் எரிப்பது எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி படர்ந்து நின்ற சில்வர் ஓக். பிளந்து அடுக்கி, மேலே தகரம் போட்டு, இரண்டு கோடை காயவிட்ட விறகு. ஆனாலும் உங்கள் பேச்சைத் தள்ளிவிடவில்லை. மர மில்லிலிருந்து ஈரமானியை வாங்கிவந்து, ஆறு கட்டைகளைப் புதிதாகப் பிளந்து உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் 15 முதல் 17 சதவீதத்துக்குள் இருந்தன. 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றுதான் உங்கள் கையேடு சொல்கிறது.

காற்றுத் திறப்பை முழுவதும் இழுத்துவிட்டாலும் தீ சோர்ந்தே கிடக்கிறது. ஒரு மணி நேரத்தில் கண்ணாடி கறுத்துவிடுகிறது. புகைக்குழாயில் ஒட்டிய வெப்பமானி 120 முதல் 240 டிகிரி வரை காட்ட வேண்டும். இங்கே 90-ஐத் தாண்டியதே இல்லை. கதவை ஒரு விரற்கடை திறந்தால் தீ சடசடவென்று எழுகிறது, மூடியதும் படுத்துவிடுகிறது. புகைபோக்கி காற்றை இழுக்கவில்லை.

காரணத்தைப் போன வாரம் கண்ணால் பார்த்தோம். கொத்தனாரும் நானும் கூரைமேல் ஏறி, புகைபோக்கிக்குள் விளக்கைக் கயிற்றில் இறக்கினோம். உங்கள் ஆட்கள் 6 அங்குலக் குழாயை மூன்றடி மட்டும் ஏற்றி, அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு மேல் பதினைந்தடி உயரம், அப்பாரு கட்டிய கல் புகைபோக்கி. உள்ளளவு ஒன்றரை அடிக்கு ஓரடி. குழாய் வாயைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு பரப்பு. அந்த அகன்ற குளிர்ந்த கல்லுக்குள் நுழைந்ததும் புகை ஆறி, ஏறும் வேகத்தை இழந்துவிடுகிறது. குழாயைச் சுற்றி அடைப்புத் தகடும் இல்லை. அறைக் காற்று அந்த இடுக்கு வழியாக ஏறிப் புகையை இன்னும் ஆற்றுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காற்றே மெலிந்த மலையில், இது எப்படி இழுக்கும்?

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கல்லில் கீல்போலப் படிந்திருந்த கரியைக் கொத்தனார் வழித்துக் காட்டியபோதுதான் எனக்கு நடுக்கம் வந்தது. அது தீப்பிடித்தால், மரச்சட்டக் கூரைக்கடியில் எண்பத்து நான்கு வயது அம்மாயி படுத்திருக்கிறார். அன்று முதல் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. பழைய கணப்பு புகைந்தாலும் கைகாயவாவது செய்தது என்கிறார் அவர்.

புகைபோக்கியைச் சுத்தம் செய்து, துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இன்சர்ட்டிலிருந்து உச்சி வரை ஒரே ஓட்டமாக இறக்கி, வெப்பக் காப்பு சுற்றி, அடைப்புத் தகடும் மேல்மூடியும் போட்டுத் தர வேண்டும். இதற்கு நான் ஒரு ரூபாயும் தரமாட்டேன். முடிந்ததும் உங்கள் ஆள் முன்னிலையில் என் விறகை எரித்து, கதவை மூடிய நிலையில் வெப்பமானியைப் பார்ப்போம்.

15 நாட்களுக்குள் இது நடக்காவிட்டால் இன்சர்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். புகைப்படங்களும் ரசீது நகலும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்